பஃப் அடித்ததும் சரியாகிவிடுகிறதே, அப்புறம் எதற்கு தினமும் ஸ்டீராய்டு?

கேள்வி: எனக்கு 34 வயது. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், வீட்டிலேயே தையல் வேலை. காலேஜ் படிக்கும்போதிருந்தே வீசிங் உண்டு. இழுக்கும்போது அஸ்தாலின் இரண்டு பஃப் அடிப்பேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். முன்பு ஒரு பம்ப் நாலைந்து மாதம் வரும், இப்போது மாதத்துக்கு ஒன்று வாங்குகிறோம். ரொம்ப முடியாமல் போனால் பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வேன். போன மாதம் பார்த்த புது டாக்டர், நுரையீரலில் இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி இருக்கிறது, தினமும் ஸ்டீராய்டு பம்ப் எடுக்க வேண்டும் என்கிறார். எக்ஸ்ரே நார்மல், அழற்சிக்காக ரத்தத்தில் பார்க்கும் ஈ.எஸ்.ஆர். நார்மல், காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ரத்தத்தில் வெள்ளணு 8,000, அதில் ஈசினோபில் மட்டும் 9 சதவீதம். பிறகு எங்கிருந்து வந்தது அழற்சி? ஸ்டீராய்டு பழகினால் விட முடியாது, உடம்பு ஊதிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். மஞ்சளும் கற்பூரவல்லியும் போதாதா? எதிர்ப்பு சக்தி குறைந்துவிடாதா? அப்பாவுக்கு 63 வயது, மில்லில் வேலை பார்த்தவர், பீடி உண்டு. அவருக்கும் இரைப்பு, என் பம்பைத்தான் அடிக்கிறார். எனக்கு எழுதியதையே அவருக்கும் வாங்கலாமா? இன்னொன்று, இரண்டாவது குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

நெஞ்சக நோய் மருத்துவரின் பதில்:

வணக்கம். கேள்விகள் நிறைய கேட்டிருக்கிறீர்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது என்னை நிறுத்தியது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரி: மாதத்துக்கு ஒரு பம்ப். ஒரு அஸ்தாலின் பம்பில் 200 பஃப் இருக்கும். அது முப்பது நாளில் தீர்கிறது என்றால் நீங்களும் அப்பாவுமாகச் சேர்ந்து நாளுக்கு ஆறேழு பஃப் அடிக்கிறீர்கள். பாதியை அப்பா கணக்கில் எழுதினாலும் உங்கள் பங்குக்கு வருஷத்துக்கு ஆறு பம்ப் வருகிறது. உங்கள் வீசிங் போன்ற ஆஸ்துமாவில் வருஷத்துக்கு மூன்றைத் தொட்டாலே பெரிய அட்டாக் வரும் வாய்ப்பு கூடுகிறது, பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கான ஆபத்தும் கூடுகிறது என்பதுதான் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலின் கணக்கு. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் கோப்புகளைப் பிரித்து ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பம்ப் கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் இந்த வகை நிவாரண பம்ப் பன்னிரண்டுக்கும் மேல் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. இதைக் கொஞ்சம் பயமுறுத்தத்தான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பயம் இப்போது தவறான பம்பின் மேல் இருக்கிறது.

உங்கள் புது டாக்டர் சொன்னது சரி. விளக்காமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். வெளியே அறுபது பேர் டோக்கனோடு நிற்கும் ஓ.பி.யில் அதற்கு நேரம் இருந்திருக்காது.

சரி, பஃப் அடித்ததும் என்ன நடக்கிறது? மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை வளையம் உண்டு. அது இறுகும்போது குழாய் சுருங்கி விசில் சத்தம் வருகிறது. அஸ்தாலினில் உள்ள சால்பியுட்டமால் அந்தத் தசையைத் தளர்த்துகிறது, ஐந்து நிமிடத்தில் மூச்சு விடுகிறது, நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்குகிறது. அந்த மருந்தின் வேலை அதோடு முடிந்தது. தசை ஏன் இறுகியது என்ற கேள்விக்குள் அது போகவே போகாது. கட்டெறும்பு கடித்த இடம் எப்படிச் சிவந்து, தடித்து, நீர் கோத்து, லேசாகத் தொட்டாலே சுரீரென்று இருக்குமோ, உங்கள் மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்க அப்படி இருக்கிறது, அதுவும் வீசிங் இல்லாத நாட்களிலும். அதனால்தான் மற்றவர்களை ஒன்றும் செய்யாத தாளிப்பு நெடி, ஊதுபத்திப் புகை, மார்கழிப் பனி, பலமான சிரிப்பு எல்லாம் உங்களுக்கு இழுப்பாக முடிகிறது. தடித்த சுவர் ஒரு பக்கம், அதிலிருந்து கசிந்து கெட்டியான கோழை இன்னொரு பக்கம், மேலே தசையும் இறுகினால் குழாயில் காற்றுக்கு என்ன இடம் மிஞ்சும்? பஃப் தசையை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். 1892-ல் வில்லியம் ஆஸ்லர் தன் மருத்துவப் பாடநூலில் ஆஸ்துமாவைச் சிறு மூச்சுக்குழாய்களின் ஒருவகை அழற்சி என்றே எழுதிவிட்டார். 1922-ல் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் நுரையீரலை அறுத்துப் பார்த்தபோது வீங்கிய சுவர், கோழை அடைத்த குழாய்கள், அவற்றில் மொய்த்த ஈசினோபில் அணுக்கள் எல்லாம் தெரிந்தன. இறந்தவர்களிடம் இருந்தது சரி, லேசான வீசிங் உள்ளவர்களிடம்? அதற்கு 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழாய்க் கருவியை உள்ளே விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ஓடியாடிக்கொண்டிருந்த, லேசான ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயிலும் உட்படலம் உரிந்து கிடந்தது, ஈசினோபில்கள் இருந்தன. ஆக, நன்றாக இருக்கும் நாளிலும் நோய் உள்ளே இருக்கிறது.

எக்ஸ்ரேயிலும் ஈ.எஸ்.ஆரிலும் ஏன் தெரியவில்லை என்றால், நம் மூச்சுக்குழாய் இருபதுக்கும் மேற்பட்ட முறை கிளை பிரிந்து பிரிந்து உள்ளே போகிறது. நோய் நிறைய இருப்பது 2 மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாய்களில். அவற்றின் சுவர் தடித்திருப்பதை எக்ஸ்ரே காட்டாது. நியூமோனியா என்றால் காற்று இருக்க வேண்டிய சிற்றறைகளில் நீரும் சீழும் நிரம்பி வெள்ளையாகத் தெரியும், காய்ச்சல் அடிக்கும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு எகிறும். அது நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் பாக்டீரியாவோடு போடும் சண்டை. உங்களுடையது வேறு ரகம், ஒவ்வாமைப் பாதையில் வருவது. வலியும் எதிர்பார்க்காதீர்கள், நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வலி தெரியும், உள்ளே இருக்கும் திசுவுக்குத் தெரியாது.

இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது. அழற்சி என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, நுரையீரலில் அது பல ரகம். எந்த அணு வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும். உங்கள் வீட்டிலேயே இரண்டு ரகம் இருக்கிறது, உங்களுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பம்பை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் ஈசினோபில். 8,000-ல் 9 சதவீதம் என்றால் 720. சதவீதத்தை விட இந்த எண்ணிக்கைதான் எங்களுக்கு முக்கியம். 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு பம்ப் நன்றாக வேலை செய்யும் ரகம் என்று பொதுவாக எதிர்பார்க்கலாம். கவனியுங்கள், ஊசி போட்ட மறுநாள் ரத்தம் எடுத்தால் இந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும்.

நம் ஊரில் 'ஈஸ்னோபீலியா' என்பது தும்மல், சளி, இருமல் எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. எதற்கெடுத்தாலும் பேனோசைட் மாத்திரை கொடுத்த காலம் ஒன்று உண்டு, இப்போதும் முழுசாகப் போய்விடவில்லை. அந்த மாத்திரைக்குப் பின்னால் ஓர் உண்மையான நோய் இருக்கிறது. 1940-ல் ஆந்திரப் பகுதியின் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் இருந்த ஃப்ரிமோட் முல்லர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள், காசநோய் போலவே எக்ஸ்ரே காட்டும் ஆனால் காசநோய் இல்லாத, ஈசினோபில் தாறுமாறாக ஏறிய நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். யானைக்கால் நோயின் நுண்புழுக்களுக்கு நுரையீரல் காட்டும் மிகையான எதிர்வினை அது என்பது பிறகு தெரிந்தது. அதில் எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டும், ராத்திரி இருமல் தூங்கவிடாது, டி.இ.சி. என்ற அந்தப் புழு மருந்தை மூன்று வாரம் கொடுத்தால் குறையும். உங்கள் 720 அந்த வகையில் வராது. யாராவது 'ஈஸ்னோபீலியாதான், பேனோசைட் போடு' என்றால் வேண்டாம். அந்தக் கால நினைவில் சொல்கிறார்கள்.

உங்களுக்கு இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது, ஸ்பைரோமெட்ரி. குழாயில் பலமாக ஊதச் சொல்லி அளந்துவிட்டு, நாலு பஃப் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியேறும் காற்று 12 சதவீதமும் 200 மில்லி லிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்கு நல்ல ஆதாரம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் செய்துகொள்ளலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்விட்டு வாருங்கள்.

இனி மாமியாரின் பயம். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, இலக்குதான் மாறிப்போயிற்று. உங்கள் ஊர் கிளினிக்கில் 'வீசிங் ஊசி' என்று போடுவதில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெரிஃபிலினோடு பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் இருக்கும், அதுவும் ஸ்டீராய்டுதான். 8 மில்லிகிராம் டெக்ஸா என்பது சுமார் 50 மில்லிகிராம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்குச் சமம், அதுவும் உடம்பு முழுக்கப் பரவும். ஸ்டீராய்டு பம்பில் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு ஒரு இழுப்புக்கு 200 மைக்ரோகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று போட்டால் நாளுக்கு 0.4 மில்லிகிராம். போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது, விழுங்கப்படும் பகுதியில் பெரும்பங்கைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. உடம்பு ஊதுவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது, கண்புரை எல்லாம் ஊசிக்கும் மாத்திரைக்கும் அடிக்கடி போவதால் வருகிறவை. அட்டாக் வரும்போதெல்லாம் ஒரு வாரக் கோர்ஸ் என்று வாழ்நாளில் நாலைந்து முறை எடுத்தாலே அந்தப் பாதிப்புகளின் வாய்ப்பு கூடத் தொடங்குகிறது. தினசரி பம்ப் எடுப்பதே அந்தக் கோர்ஸ்கள் வராமல் இருக்கத்தான். ஸ்டீராய்டுக்குப் பயந்து பம்பை விட்டுவிட்டு வருஷத்துக்கு நாலு முறை டெக்ஸா போட்டுக்கொள்கிறவர்களை ஓ.பி.யில் வாராவாரம் பார்க்கிறேன்.

பம்பில் பக்கவிளைவே இல்லையா? இருக்கிறது. வாயில் வெண்படலம் போலப் பூஞ்சை வரலாம், குரல் கம்மலாம். போட்டதும் வாய் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. பல் துலக்குவதற்கு முன்னால் போடும் பழக்கம் வைத்துக்கொண்டால் கொப்பளிக்க மறக்க மாட்டீர்கள். பல வருஷம் அதிக டோஸ் எடுப்பவர்களுக்கு வேறு சில கவலைகளும் உண்டு, அதனால்தான் கட்டுக்குள் வந்த மூன்று மாதத்துக்குப் பிறகு டோஸைக் குறைத்துக்கொண்டே வருவோம். 'பழகிவிடும்' என்பதும் சரியில்லை. நிறுத்தினால் வீசிங் திரும்ப வருவது பழக்கத்தால் வருவதில்லை, நோய் இன்னும் உள்ளே இருப்பதால் வருகிறது. பலன் என்னவென்றும் கேளுங்கள்: கனடாவில் ஆஸ்துமா நோயாளிகளை வைத்துச் செய்து 2000-ல் வெளியான ஆய்வில், முந்தைய வருஷத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு கூடுதல் ஸ்டீராய்டு பம்புக்கும் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் 21 சதவீதம் குறைந்தது. அதுவும் குறைந்த டோஸ் பம்ப்.

ஸ்டீராய்டு இல்லாமல் விரிக்கும் மருந்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1960-களில் பிரிட்டனில் ஐசோபிரெனலின் என்ற மருந்தை அதிக வீரியத்தில் பம்பாக விற்றார்கள், ஆஸ்துமா சாவு ஏறியது. 1976-லிருந்து நியூசிலாந்தில் ஃபெனோடெரால் பம்ப் வந்தபோது அதேதான். அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்திய பிறகு இறப்பு சரிந்தது. உங்கள் சால்பியுட்டமால் அவற்றை விடப் பாதுகாப்பானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதையே தினமும் அடித்துக்கொண்டிருந்தால் தசையில் அந்த மருந்து போய் ஒட்டும் இடங்கள் (வாங்கிகள்) குறைந்து பலன் மங்குகிறது, குழாயின் முன்கோபம் இன்னும் கூடுகிறது. எல்லாவற்றையும் விட மோசம், மூச்சு சரியாகிவிடுவதால் உள்ளே அழற்சி ஏறிக்கொண்டே போவது தெரியாமல் போகிறது. 2019-லிருந்து உலக ஆஸ்துமா வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஸ்டீராய்டு சேராமல் இந்த வகை பம்பைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்றே மாற்றிவிட்டார்கள். லேசான ஆஸ்துமாவுக்கும் அப்படித்தான்.

இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. புடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த பம்ப் ஒன்று உண்டு, ஃபோராகார்ட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. ஃபார்மோடெரால் சால்பியுட்டமால் போலச் சில நிமிடத்தில் வேலை செய்யும், ஆனால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். அதனால் தினமும் போடவும், இழுக்கும்போது கூடுதலாக அடிக்கவும் அதே பம்பை வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொரு நிவாரண பஃபோடும் கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போய்விடும். ஒரு நாளைக்கு எத்தனை வரை போகலாம் என்ற உச்சவரம்பை உங்கள் டாக்டரிடம் கேட்டு பம்பின் மேலேயே ஒட்டி வையுங்கள். ஒரே ஒரு விஷயம், ஸ்டீராய்டின் பலன் ஐந்து நிமிடத்தில் தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய மாதக்கணக்கு. 'போட்டேன், ஒன்றும் ஆகலை' என்று நாலாவது நாள் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

போடும் விதமும் முக்கியம். பம்பை வாய்க்கு நேரே பிடித்து அமுக்கியதும் புகை மூக்கு வழியாகவும் உதட்டோரமாகவும் வருகிறதா? அப்படியென்றால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துவிட்டது, நுரையீரலுக்குப் போனது சொற்பம். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவை வாங்கிக்கொள்ளுங்கள். பம்பைக் குலுக்கி, மூச்சை முழுசாக வெளியே விட்டு, ஒரு பஃப் குடுவைக்குள் அமுக்கி, மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்குங்கள். அடுத்த பஃபுக்கு அரை நிமிடம் விடுங்கள். கேப்சூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலர் கொடுத்தால் முறை நேர் எதிர், அதை வேகமாகப் பலமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு 'கேக்கவே மாட்டேங்குது டாக்டர்' என்று வருகிறவர்களும் உண்டு. யார் எழுதிக் கொடுத்தாலும் ஒரு முறை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.

மஞ்சள், கற்பூரவல்லி. சோற்றோடும் பாலோடும் சாப்பிடுங்கள், தடை இல்லை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் ஆய்வுக்கூடத்துத் தட்டில் அழற்சியைக் குறைப்பது உண்மை. ஆனால் சாப்பிட்டால் குடலில் மிகக் கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது, பம்புக்குப் பதிலாக நிற்கும் அளவுக்கு அது ஆஸ்துமாவில் எங்கும் நிரூபிக்கப்படவில்லை. ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், மூச்சுக்குழாய் வீக்கத்தை அது தொடாது. யூகலிப்டஸ் தைலத்தை அதில் ஊற்றினால் சிலருக்கு அந்த நெடியே இழுப்பைக் கிளப்பும். ஜூன் மாதம் ஹைதராபாத்துக்குப் போய் உயிர் மீனை விழுங்கச் சொல்லும் உறவினர் ஒருவர் உங்களுக்கும் இருப்பார், அவரிடம் சிரித்துவிட்டு நகருங்கள்.

வேறொன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். அழற்சி என்றதும் மெடிக்கலில் 'வீக்கத்துக்கு மாத்திரை' என்று டைக்ளோஃபெனாக், புரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அவை மூட்டு வீக்கத்துக்கு ஆகும், உங்கள் ரக அழற்சிக்கு ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றில் ஏழு பேர் அளவுக்கு அந்த மாத்திரைகளும் ஆஸ்பிரினும் கடும் அட்டாக்கையே கொண்டுவரும், மூக்கில் சதை வளர்ச்சி இருப்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. தலைவலிக்கு முன்பு இவற்றைப் போட்டு இழுப்பு வந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் இனி தொடாதீர்கள், எல்லா டாக்டரிடமும் சொல்லுங்கள்.

அழற்சியை அடக்கினால் எதிர்ப்பு சக்தி போய்விடாதா என்ற கேள்வி நல்ல கேள்வி. அழற்சியே இல்லாமல் நாம் உயிரோடு இருக்க முடியாது. நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம், அதோடு வரும் தூசையும் கிருமியையும் சிற்றறைகளில் ரோந்து போகும் மேக்ரோபேஜ் அணுக்கள் சத்தமில்லாமல் தின்றுவிடுகின்றன. சமாளிக்க முடியாதபோதுதான் கூட்டம் சேர்க்கின்றன. கொரோனா காலத்தில் சி.ஆர்.பி., ஸ்டீராய்டு என்ற வார்த்தைகளெல்லாம் தெருவுக்கு வந்தன அல்லவா, அப்போது 2020-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வு இதை அழகாகக் காட்டியது. நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜனில் இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. கட்டுமீறிப் போன இடத்தில் அடக்க வேண்டும், இல்லாத இடத்தில் தொடக் கூடாது. உங்கள் மூச்சுக்குழாயில் நடப்பது கிருமியோடு சண்டை இல்லை. தூசுப்பூச்சிக்கும் கரப்பான் துகளுக்கும் எதிராக வருஷக்கணக்கில் நடக்கும் வீண் அமளி. அதை அடக்குவதால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. அடக்காமல் விட்டால் சுவரில் தழும்பு விழுந்து குழாய் நிரந்தரமாகக் குறுகலாம்.

வீட்டில் என்ன மாற்றலாம் என்றால், முதலில் கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று 2003-ல் அளந்து சொன்னார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அதை ஏற்றிவிட்டுத் தூங்கினால் விடியற்காலை மூன்று மணிக்கு ஏன் இழுக்கிறது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. வலை கட்டுங்கள். தையல் மிஷின் பக்கம் பஞ்சுத் தூசியைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் வேலையை வீட்டுக்காரரிடம் தள்ளிவிடுங்கள், டாக்டர் சொன்னார் என்றே சொல்லலாம்.

ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது, கழுத்துத் தசை இழுபடுகிறது, பஃப் அடித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் பக்கத்து ஊர் ஊசிக்குப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும் வரை ஸ்பேசரில் அஸ்தாலினை ஒவ்வொரு பஃபாக, நாலு முதல் பத்து வரை, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். அதுவரை விசில் அடித்துக்கொண்டிருந்த நெஞ்சில் திடீரென்று சத்தமே இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

இனி அப்பா. அவருக்கு உங்கள் பம்பை வாங்க வேண்டாம். மில்லில் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ப்ளோ ரூம், கார்டிங் என்றால் பஞ்சுத் தூசி அதிகம். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனதும் நெஞ்சு இறுகும், வாரம் போகப் போகக் குறையும், அடுத்த திங்கள் மறுபடி வரும், இப்படி இருந்ததா என்றும் கேளுங்கள். பிசினோசிஸ் என்ற பஞ்சாலை நோயின் அடையாளம் அது. பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சு மூச்சுக்குழாயைக் கிளறிவிடுவதால் வருகிறது என்பதுதான் பெரும்பான்மைக் கருத்து. பல வருஷம் அதில் இருந்தால் திங்கட்கிழமைக் கணக்கு போய் எல்லா நாளும் இரைப்பாகிவிடும்.

அதன் மேல் பீடி. புகையால் வரும் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் சுவரில் வந்து உட்காருவது பெரும்பாலும் நியூட்ரோபில்களும் மேக்ரோபேஜ்களும். அவை விடும் நொதிகள் சிற்றறைகளின் சுவரையே அரித்துத் தின்றுவிடும், போன சுவர் திரும்ப வராது. ஸ்டீராய்டு அழற்சியை அணைக்கப் பயன்படுத்தும் நொதி ஒன்றையே புகை முடக்கிப் போடுவதால், உங்களுக்குக் கேட்கும் மருந்து அவருக்குக் கேட்காமல் போகலாம். அது மட்டுமில்லாமல், 2007-ல் ஆறாயிரம் பேருக்கு மேல் வைத்து நடந்த பெரிய ஆய்வில் ஸ்டீராய்டு பம்ப் எடுத்த சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நியூமோனியா அதிகம் வந்தது. அதனால் அவருக்குப் பொதுவாக முதலில் கொடுப்பது டையோட்ரோபியம் போன்ற நீண்ட நேரம் விரிக்கும் மருந்து. அடிக்கடி மோசமாகி ஆஸ்பத்திரிக்குப் போகிறார், ஈசினோபிலும் 300-க்கு மேல் என்றால்தான் ஸ்டீராய்டு சேர்ப்போம். 100-க்குக் கீழே என்றால் சேர்ப்பதில் பெரும்பாலும் பயனில்லை. இரண்டு நோயும் கலந்தும் இருக்கலாம், ஸ்பைரோமெட்ரியும் ரத்தமும் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியில் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கல் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.

பீடியை விட்டாலும் அழற்சி உடனே அடங்காது, வருஷக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். 'விட்டும் இருமுதே, அப்புறம் எதுக்கு விடணும்' என்று அவர் கேட்பார். போன நுரையீரல் வராது, ஆனால் விட்ட நாளிலிருந்து தேயும் வேகம் குறையும் என்று 1977-லேயே காட்டியிருக்கிறார்கள். அறுபத்து மூன்றில் விட்டாலும் கணக்கில் லாபம்தான்.

கடைசியாகக் குழந்தை. கர்ப்பமானதும் ஆஸ்துமா மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்குக் குறைகிறது, ஒரு பங்குக்குக் கூடுகிறது, மீதிப் பேருக்கு அப்படியே இருக்கிறது, உங்களுக்கு எது என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. வயிற்றுக் குழந்தைக்கு ஆபத்து அம்மாவின் அட்டாக்கிலிருந்துதான் அதிகம், உங்களுக்கு ஆக்சிஜன் குறைந்தால் அதற்கும் குறையும். கர்ப்ப காலத்தில் அதிகம் பயன்படுத்தப்பட்டு, பாதுகாப்பு விவரம் நிறைய உள்ள ஸ்டீராய்டு பம்ப் புடசோனைடுதான். நாள் தள்ளிப்போனதும் பயந்து பம்பை நிறுத்துகிறவர்கள் ஆறு, ஏழாவது மாதத்தில் அட்டாக்கோடு வருகிறார்கள். நீங்கள் இப்போதே ஆரம்பித்து ஒரு மூன்று மாதம் ஒழுங்காகப் போடுங்கள். ராத்திரி விழிக்காமல் தூங்கி, அஸ்தாலின் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படாத நிலை வந்த பிறகு முயற்சி செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானால் முதல் செக்கப்பிலேயே பம்பின் பெயரையும் டோஸையும் சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள், மூக்கடைப்பு என்று மெடிக்கலில் தானாக எதுவும் வாங்காதீர்கள்.